ஹாஜியாரின் பத்தெழுத்து

"தோட்டத்து லயத்துக்குக் கரண்ட் வந்ததே நேத்து முந்தாநாள்தானே. நீங்களா மகள் என்ட கடைக்குக் கம்பியூட்டர் போட வந்தீக்கிறது?"

கம்பளையில் புடவைக் கடை வைத்திருந்த ஹாஜியார் சிரித்துக்கொண்டுதான் இதைக் கேட்டார். துணி மடித்துக்கொண்டிருந்த விற்பனையாளர்களும் சிரித்தார்கள்.

"கரண்ட் பிந்தித்தான் வந்துச்சிங்க ஹாஜியார். எனக்குப் படிப்பு முந்தியே வந்திருச்சி" என்றேன்.

அவர் மேசையில் இடம் ஒதுக்கித் தந்தார். அந்தப் பதிலை இன்று நினைத்தாலும் எனக்குப் பிடிக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்த எங்கள் குடும்பத்தில் உயர்தரம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, வரை படித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைத்தவர்கள். கண்டியில் கணினிப் படிப்பை முடித்தபோது, யாரிடமும் வேலை கேட்டுப் போவதில்லை என்று முடிவு செய்தேன். என்னோடு படித்த யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியும் அதே முடிவில் இருந்தாள். கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தோம். புடவைக் கடைகளுக்கு பில் போடவும் சரக்குக் கணக்கு வைக்கவும் ஒரு மென்பொருள் எழுதத் தொடங்கினோம்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. எண்பத்து மூன்று இனக் கலவரத்தில் கண்டி டவுனில் கடைகளைப் பறிகொடுத்து உடுத்திய துணியோடு தோட்டத்துக்கு ஓடி வந்தவர்களைப் பார்த்தவர் அவர். "இந்தத் தீவாளி வரைக்கும் பாரு. ஒரு கடைகூட எடுக்கலன்னா வீட்டுக்கு வந்துரணும்" என்றார். சரி என்று சொல்லியிருந்தேன். அந்த வருஷம் நோன்புப் பெருநாளும் தீபாவளியும் ஒட்டி வந்தன. வடக்கில் சண்டையும் அந்த வருஷம் மறுபடி மூண்டிருந்தது.

மாதக் கணக்கில் அறைக்குள் இருந்தே எழுதினோம். எழுதி முடிக்கும்வரை ஒரு கடைக்காரரிடமும் காட்டவில்லை. அரைகுறையாகக் காட்டுவது எனக்கு வெட்கமாக இருந்தது. முடித்த பிறகு முதலில் போனது ஹாஜியாரின் கடைக்குத்தான்.

ஹாஜியார் தந்த மொத்தக் கடை பில் ஒன்றைப் பார்த்து நான் சாரிகளைப் பதிந்து காட்டிக்கொண்டிருந்தேன். பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஹாஜியார், இதுக்கு நீங்க இவ்வளவுதானா குடுத்தீங்க?"

விற்கும் விலைக்குப் பக்கத்திலேயே வாங்கிய விலையையும் பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். இலாபம் உடனே தெரியட்டும் என்று நான்தான் அப்படி வைத்தேன். ஹாஜியார் எழுந்து வந்து வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

பிறகு ஒரு சாரியைக் கையில் எடுத்து, அதில் தொங்கிய சீட்டைக் காட்டினார். விலைக்குக் கீழே மூன்று எழுத்துகள் இருந்தன. எந்தச் சொல்லும் ஆகாத எழுத்துகள்.

"இதுதான் நான் வாங்கின வெல. எங்கட வாப்பா குடுத்த வார்த்த ஒண்டு ஈக்கு. பத்து எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் ஒரு இலக்கம். எனக்கும் என்ட மூத்த மகனுக்கும் மட்டும்தான் தெரியும். கடையில நிக்கிற ஆளுக்கே தெரியாது. நீங்க அத டீவி மாதிரி போட்டுக் காட்டுறீங்க."

"அந்த வார்த்தையச் சொன்னீங்கன்னா நாங்க உள்ளுக்குப் போட்டுக் குடுப்போம். திரையில எழுத்து மட்டுந்தான் வரும்" என்றேன்.

"செல்ல ஏலா." சொல்ல முடியாதாம்.

"எங்ககிட்ட மட்டுந்தாங்க, ஹாஜியார்."

"உங்களுக்குச் செல்லத்தான் ஏலா."

பெருநாள் வியாபாரம் தொடங்குவதற்கு முன் ஒரு வழியோடு வரச் சொன்னார். கொழும்பிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நம்பாத மனிதருக்கு எப்படி வேலை செய்வது என்று தோழியிடம் கத்தினேன். சீட்டு எழுத்தை அப்படியே பதியும்படி மாற்றிவிட்டோம். ஆனால் அவருடைய சொல் உள்ளே இல்லாமல் இலாபத்தைக் கணக்கிட வழி தெரியவில்லை. இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று கணினிப் பெட்டியைத் துணியில் சுற்றி, இரண்டு பேரும் கம்பளை பஸ்ஸில் ஏறினோம்.

பேராதனை தாண்டியதும் இராணுவச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று தோழியின் அட்டையில் இருந்தது. கையில் வயர் தொங்கும் இரும்புப் பெட்டி. எங்களை மட்டும் சாவடிக்குள் கூப்பிட்டார்கள். பஸ் போய்விட்டது.

பெட்டியின் மூடியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினோம். பிறகு அங்கிருந்த ஒரு திரையில் இணைத்து இயக்கச் சொன்னார்கள். கடவுச்சொல் கேட்டது.

"சொல்" என்றார் அதிகாரி சிங்களத்தில்.

அதை வைத்தது தோழி. அவள் தானே விசைகளைத் தட்டப் போனாள். அவர் அவள் கையைத் தடுத்து, ஒரு வெள்ளைத் தாளை முன்னால் தள்ளினார். அவள் எழுதவில்லை. எனக்கு ஏன் என்று புரியவில்லை. எழுதித் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். வாசலில் நின்ற சிப்பாய் துப்பாக்கியைத் தோள் மாற்றினான்.

கடைசியில் எழுதினாள். அது ஓர் ஆணின் பெயர்.

"யார் இது?"

"மல்லி" என்றாள். சிங்களத்தில் தம்பி.

"எங்கே இருக்கிறான்?"

அவளுக்குத் தெரியாது. வீட்டிலிருந்து போன தம்பியைப் பற்றி அவள் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் இயக்கத்துக்குப் போனவன் என்று அவளையும் பிடித்துவைப்பார்கள் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"செத்துப்போனான்" என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னாள்.

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெட்டிக்குள் சாரி, சறம், சட்டைத் துணிப் பெயர்களைத் தவிர எதையும் காணவில்லை. வெகுநேரம் வைத்திருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

நாங்கள் கம்பளைக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கம் நின்று கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடித்தோம். கட்டுகஸ்தோட்டையில் இறங்கியதும் அவள் சொன்னாள்.

"நாங்களும் அந்த மனுசனிட்ட இதைத்தானே கேட்டனாங்கள்."

"எதை?"

"வெள்ளைத் தாளைத் தள்ளிவிட்டு எழுது எண்டு."

அறைக்குப் போனதும் அவள் முதலில் கடவுச்சொல்லை மாற்றினாள். அதன் பிறகு வேலை தானாகவே வழிக்கு வந்தது. சொல்லை நாங்கள் கேட்கவே கூடாது என்று வைத்துக்கொண்டால், கணினியும் அதை வைத்திருக்கக் கூடாது. பார்க்க வேண்டிய நேரத்தில் ஹாஜியார் தானே வந்து பத்தெழுத்தையும் அடிக்கட்டும். அடித்தால் எழுத்துகள் இலக்கமாகி இலாபம் தெரியும். மூடினால் அந்தச் சொல் பெட்டிக்குள் எங்கும் இருக்காது.

"அவர் மறந்தா நம்மளால எடுத்துக் குடுக்க முடியாதே" என்றேன்.

"ஓம். ஏலாதுதான். அதை முதலே சொல்லிப்போட்டுக் குடுப்பம்."

இன்னொன்றையும் அவள் பிடிவாதமாகச் செய்தாள். தான் எழுதிய பகுதிகளை ஒவ்வொன்றாக எனக்கு விளக்கி, அழித்துவிட்டு, என்னையே திரும்ப எழுத வைத்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நேரம் இல்லை என்று சண்டை பிடித்தேன்.

"நாளைக்கு என்னைப் பிடிச்சுக்கொண்டு போனா நீ கடையில போய் என்னடி செய்வாய்? முழிச்சுக்கொண்டு நிப்பியோ?"

அதற்குப் பிறகு சண்டை பிடிக்கவில்லை.

பெருநாள் வியாபாரம் தொடங்க இருந்த வாரம் எங்கள் பக்கம் இராணுவம் சுற்றிவளைத்துத் தேடியது. யாழ்ப்பாணத்து ஆட்கள் நடமாட வேண்டாம் என்று அறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரர் எச்சரித்தார். நான் மட்டும் பெட்டியோடு கம்பளைக்குப் போனேன். சாவடியில் மறுபடி மூடியைக் கழற்றினார்கள். அன்று கடவுச்சொல்லை யாரும் கேட்கவில்லை.

ஹாஜியார் எல்லாரையும் விலகச் சொன்னார். என்னையும்தான். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தார். இடையில் ஏதோ நின்றுவிட்டது என்று கூப்பிட்டார். அது தோழி எழுதிய பகுதி. திரையைப் பார்க்காமல், என்ன செய்தி வந்திருக்கிறது என்று அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டே சரி செய்தேன். நானே திரும்ப எழுதியிராவிட்டால் எனக்கு அது பிடிபட்டிருக்காது.

"ம்ம். வந்திட்டு." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடினார். "இப்ப செல்லுங்க மகள், என்ட வார்த்த என்ன?"

"தெரியாதுங்க."

"பெட்டிய வீட்டுக்குக் கொண்டு போய்க் கிண்டிப் பாத்தா?"

"கிண்டினாலும் கெடைக்காதுங்க. நீங்க மறந்தீங்கன்னா உங்களுக்கும் கெடைக்காது. மகன்கிட்டத்தான் கேக்கணும்."

"அவன் மறந்தா?"

"அப்ப ரெண்டு பேருமா ஒக்காந்து யோசிங்க ஹாஜியார். எங்களக் கூப்புடாதீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். விற்பனையாளர்களைக் கூப்பிட்டு, "பெட்டிய மேசக்கிக் கீழ வைங்க, தூசி படாம" என்றார். கொழும்புக்காரர்களைப் பற்றி அன்று பேச்சே வரவில்லை.

தோட்டத்துக் கடைக்குத் தொலைபேசி எடுத்து அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். "ஒரு கடை எடுத்திருச்சிப்பா" என்றேன். "பஸ்ஸுல பாத்துப் போ" என்று மட்டும் சொன்னார்.

வடக்கில் சண்டை இன்னும் முடியவில்லை. தோழி இன்னும் மாதாமாதம் பொலிசில் பெயரைப் பதிந்துகொண்டுதான் அந்த அறையில் இருக்கிறாள். அவள் எழுதுவதை நானும், நான் எழுதுவதை அவளும் அழித்துத் திரும்ப எழுதுகிறோம். ஹாஜியாரின் மச்சான் பிலிமத்தலாவையில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். எப்போது கணினியைக் கொண்டு வருவீர்கள் என்று கேட்டார். முதலில் உங்கள் கடையில் வேலைக்கு நின்று வியாபாரத்தைப் பார்க்க இடம் தாருங்கள் என்றேன். போன திங்கட்கிழமையிலிருந்து அங்கே சட்டி பானை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் கடைக்கான மென்பொருளில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.