புதுநன்மை நாளின் வெயில்

வியட்நாம் போர் முடிந்து, தெரிந்த தமிழர்களெல்லாம் பிரான்சுக்கும் புதுச்சேரிக்கும் கிளம்பிவிட, சைகோனில் தங்கிவிட்ட காரைக்கால் குடும்பம் எங்களுடையது. அந்த ஊரில் வெயிலுக்கு முகம் மூடாத பெண்ணைப் பார்ப்பது அரிது. கான் ஹொய் பாலத்தில் சைக்கிளில் போகிறவர்களுக்குக் கண் மட்டும்தான் தெரியும். ஆனால் என் பள்ளித் தோழிகள் அம்மாவை மட்டும் விடவில்லை. ஏற்கெனவே கறுத்தவள் எதற்கு மூடுகிறாள் என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

அம்மாவுக்கு இருந்தது அழகுக் கவலை அல்ல, நோய். அவளைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, வெயிலிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கதிர் பட்டதும் வெறிகொண்டு அவளையே தாக்கும். முதலில் தோல், பிறகு மூட்டு, சிறுநீரகம். மப்பு போட்ட நாளிலும் மூடித்தான் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீளக் கையுறையும் மூக்கை மறைக்கும் இரட்டைத் துணியும் அம்மாவே தைத்தவை. இதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது அப்பா சொன்னது மட்டும்தான். துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்த அவர், "நம்ம கறுப்புக்கு வெயில் என்னா பண்ணும்? டாக்டரு வெள்ளக்காரனுக்குச் சொல்றத நமக்கும் சொல்றான்" என்பார்.

எட்டு வயதில் எனக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஒரு வயது இளைய தம்பிக்கு அடுத்த வருஷம். மாதா கோயிலைச் சுற்றிப் பவனி. பிள்ளைகளோடு அம்மாக்களும் நடக்க வேண்டும். முதல்நாள் அழுது அடம்பிடித்தேன்.

"நாளைக்கி மட்டும் மூஞ்ச மூடாம வாம்மா. எல்லாரும் சிரிக்கிறாங்க."

என் வெள்ளைக் கவுனுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்த அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு, "சரிடி" என்றாள்.

மறுநாள் பட்டுச் சேலையில் வந்தாள். துணியும் இல்லை, தொப்பியும் இல்லை. பவனி முடிய வெயில் ஏறிவிட்டது. உன் அம்மா அழகு என்று ஒரு தோழி சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவின் கன்னமும் மூக்கும் தடித்துக் காய்ச்சல் கண்டது. கால் வீங்கியது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பா வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் தடித்த துணி வைத்து ஆணியடித்தார். அதற்குப் பிறகு கறுப்பைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

சிறுநீரகம் கெட்டுவிட்டதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அம்மா வீடு வந்த அன்று, தோழி சொன்னதை அவளிடம் ஒப்பித்தேன். ஆசையாகக் கேட்டாள்.

"அடுத்த வருஷம் தம்பி புதுநன்மைக்கும் இப்புடியே வாம்மா" என்றேன்.

அம்மா என் தலையைக் கோதினாள். "வர்றேன்டி."

அதை நம்பி நான் விளையாடப் போனேன்.