சும்மா இருந்த ஃபிட்டர்

என் மச்சினனை ஆலையில் சேர்த்துவிட்டது நான்தான். இதை யாராவது பின்னால் எடுத்துச் சொல்லி நான் கேட்டுக்கொள்வதைவிட, நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

புதுவயலில் வரிசையாக நிற்கிற அரிசி ஆலைகளில் ஒன்றில் நான் ஃபிட்டர். எங்கள் வீட்டில் எல்லோரும் இரும்பு வேலைக்காரர்கள். எனக்கு மெஷின் பிடித்தது, ஆலைக்கு வந்தேன். காரைக்குடியில் வீடு, போக வர ஒரு பைக். நெல் அவிகிற வாடையும் உமித் தூசும் சட்டையிலிருந்து போகவே போகாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பக்கத்தில் உட்காருகிறவர் என்ன வேலை என்று கேட்காமலே கண்டுபிடித்துவிடுவார்.

மச்சினன் என் மனைவியின் கடைசித் தம்பி. சிங்கப்பூரில் வெல்டராக இருந்தவன், ஒப்பந்தம் முடிந்து வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தான். “ஒங்க மில்லுல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவன் ஒண்ணும் கையாலாகாதவன் இல்லையே” என்று மனைவி தினமும் கேட்டாள். சொன்னேன், சேர்த்துக்கொண்டார்கள்.

அவன் கை வேகத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை. பெல்ட் அறுந்துவிட்டது என்று யாராவது கத்தினால், நான் ஸ்பேனரைத் தேடி எடுக்குமுன் அவன் மூடியைக் கழற்றியிருப்பான். உடம்பெல்லாம் கரி, நெற்றியில் வேர்வை, வாயில் ஒரு போல்ட்டைக் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பான். பார்க்கிறவர்களுக்கே ஒரு உற்சாகம் வரும். ஆலை மறுபடி ஓடத் தொடங்கும்போது மூட்டை தூக்குகிறவர்கள் கைதட்டுவார்கள்.

என் வேலையில் கைதட்ட ஒன்றும் கிடையாது. காலையில் வந்ததும் ஒரு சுற்று நடப்பேன். ஓடுகிற ஒவ்வொரு பேரிங் மேலும் கையை வைத்துப் பார்ப்பேன். சூடு அதிகமாக இருந்தால் ஆலை நிற்கிற ஞாயிற்றுக்கிழமையில் அதைக் கழற்றி மாற்றிவிடுவேன். சத்தத்தில் ஏதாவது வித்தியாசம் இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறவரை நகர மாட்டேன். எங்கள் ஆலையில் இரண்டு பகுதி. பழைய பகுதி என் பொறுப்பு, புதிய பகுதி அவனுக்கு. பழைய பகுதி அநேகமாக நின்றதே இல்லை. அதனால் மத்தியானத்துக்கு மேல் எனக்கு வேலை இருக்காது. எடைமேடை பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

பெரிய முதலாளிக்கு அது உறுத்தவில்லை. அரிசி லாரியில் ஏறினால் சரி, யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று அவர் பார்க்க மாட்டார். அவருக்கு உடம்பு முடியாமல் போய், கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மகன் வந்து ஆலையை எடுத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. எல்லோரையும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். கழிப்பறை கட்டிக்கொடுத்தார், குடிக்க நல்ல தண்ணீர் வைத்தார். எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார், அவ்வளவுதான்.

வந்த புதிதில் போனில் ஒரு குரூப் ஆரம்பித்தார். எது நின்றாலும், எது உடைந்தாலும் படம் எடுத்து அதில் போட வேண்டும். சரி செய்ததும் இன்னொரு படம். எவ்வளவு நேரத்தில் முடிந்தது என்று எழுத வேண்டும். மச்சினனின் படங்கள் வந்துகொண்டே இருந்தன: தேய்ந்துபோன பேரிங், அறுந்த பெல்ட், முறிந்த ஷாஃப்ட், பிறகு எல்லாம் மாட்டி ஓடுகிற மெஷின். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள், கும்பிடுகள். என் பெயரில் ஒன்றும் இல்லை. தீபாவளி வாழ்த்து மட்டும் போட்டிருந்தேன்.

ஒருநாள் சின்ன முதலாளி ஸ்டூல் பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. குரூப்ல உங்க வேலை எதுவுமே வரலையே?”

“எதாச்சும் நின்னாத்தான தம்பி போடுறதுக்கு?” என்றேன்.

சிரித்தார். நான் கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்துக்கொள்வதாக அவர் நினைத்தது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. நான் எழுந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கலாம். கேட்காத ஆளிடம் என் வேலையை நானே விளம்பரம் செய்வதா என்று அப்போது தோன்றியது. டீயைக் குடித்து முடித்தேன்.

அந்த வருஷம் அறுவடை சமயத்தில் என் பகுதியில் இருந்த எலிவேட்டர் சரியில்லை. கீழே குழியில் கொட்டுகிற நெல்லை, பெல்ட்டில் வரிசையாக மாட்டியிருக்கும் சின்ன வாளிகள் அள்ளிக்கொண்டு மேல்மாடிக்குப் போகும். உயரமான தகரக் கூண்டுக்குள் அந்த பெல்ட் ஓடும். கீழ் உருளை ஒருபக்கம் சாய்ந்துவிட்டதால் பெல்ட் கூண்டில் உரசியது. காதை வைத்தால் ‘சரக், சரக்’ என்று கேட்கும். ஓரம் நார் நாராகப் பிரியத் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஆலை ஓடுகிற நேரம் அது. ஒரு நாள் நிறுத்திக் கொடுங்கள், உருளையைச் சரி செய்து பெல்ட்டையும் மாற்றிவிடுகிறேன் என்று போய்க் கேட்டேன்.

“ஓடிட்டுதானே அண்ணே இருக்கு? ரோடு வரைக்கும் லாரி நிக்குது பாருங்க.”

“இப்ப ஓடுது தம்பி. இப்படியே ஓடாது.”

பக்கத்தில் நின்ற மச்சினன் குறுக்கே வந்தான். “அத்தான், நீங்க எதுக்கு வெசனப்படுறீக? அறுந்துச்சுன்னா நான் இருக்கேன்ல? டீ குடிக்கிற நேரத்துல மாட்டி விட்டுருவேன்.”

சின்ன முதலாளி அவன் தோளைத் தட்டினார். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆயுத பூஜையன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து முடித்ததும், எல்லோரையும் களத்தில் நிற்க வைத்துப் பேசினார். வேலை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மச்சினனை உதாரணம் காட்டினார். புது போன் ஒன்று கொடுத்தார். இனி இரண்டு பகுதிக்கும் அவன்தான் ஹெட் ஃபிட்டர் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, ரொம்ப அன்பாகச் சொன்னார்:

“அண்ணே, நீங்க நிறைய பார்த்துட்டீங்க. இனிமே அலைய வேண்டாம். எடைமேடையைப் பாத்துக்கங்க. நிழல்ல உட்கார்ந்து பார்க்கிற வேலை.”

கூட்டத்தில் ஒருவன், “அண்ணன் ஏற்கெனவே அங்குட்டுத்தான உக்காந்திருக்காரு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்றைக்கு வீட்டில் மனைவி பொரியைக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டே கேட்டாள். “அவன் ஓடி ஓடிச் செஞ்சதைத்தான் பாத்தாக. நீங்க சும்மா இருந்ததைத்தான் பாத்தாக. யாரைக் குத்தம் சொல்லுறது?”

“நான் சும்மா இருந்தேன்னு நீயும் நெனைக்கிறியா?”

“நான் நெனச்சு என்ன ஆகப்போகுது?” என்றாள். தம்பிக்குக் கிடைத்த சந்தோஷத்தை என் முன்னால் காட்டவும் முடியாமல், மறைக்கவும் முடியாமல் அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. அவளிடம் கோபப்பட வழியில்லை.

எடைமேடையில் லாரியின் எடையைப் பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத்தான் வேலை, காது சும்மா இருந்தது. அங்கே உட்கார்ந்தபடி ஆலையின் சத்தம் மாறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேரிங்குகள் ஒவ்வொன்றாகக் கத்த ஆரம்பித்தன. பழைய பகுதியும் இப்போது அடிக்கடி நின்றது. அது நிற்க நிற்க, ஓடி வந்து ஓட்டிவிடுகிற மச்சினன் பெயர் வளர்ந்தது. குரூப்பில் முன்னைவிடக் கட்டைவிரல்கள் கூடின. எலிவேட்டரின் உரசல் சத்தம் களத்தைத் தாண்டி என் ஸ்டூல் வரைக்கும் கேட்டது.

பொறுக்காமல் ஒருநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“மாப்ளே, அந்த பெல்ட்டு தாங்காதுடா. ஒனக்கும் தெரியும்.”

“தெரியும் அத்தான்.”

அவன் தெரியாது என்று சொல்வான் என்றுதான் நான் எதிர்பார்த்திருந்தேன். அவனே பேசினான்.

“நிப்பாட்டிச் சரி பண்ணுனா, எதுக்குடா நிப்பாட்டுனேன்னு வைவாக. ஒடஞ்ச பெறகு சரி பண்ணுனா கையெடுத்துக் கும்பிடுறாக. நான் எதைச் செய்ய, சொல்லுங்க? நீங்க இம்புட்டு வருசம் நிக்காம ஓட்டுனீக. என்ன கொடுத்தாக?”

அவன் குரலில் கிண்டல் இல்லை. என்மேல் பரிதாபம்கூட இருந்தது. நான் எடைமேடைக்குத் திரும்பிப் போனேன்.

அந்த பெல்ட் அறுந்தபோது மத்தியானம். சத்தம் வந்தது, பிறகு ஆலை அப்படியே அடங்கிவிட்டது, அந்த அமைதியில் ஒரு பெண் அலறினாள். பெல்ட் வாளிகளோடும் நெல்லோடும் கூண்டுக்குள்ளேயே விழுந்து, கீழ்க் கதவுத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. குழிப் பக்கம் சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தவளின் வலது கையைத் தகரம் அறுத்துவிட்டது. பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். புருஷன் இல்லை. நான் என் துண்டால் அவள் கையை இறுக்கிக் கட்டி, நின்றுகொண்டிருந்த ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க, “வேலை போயிருமாண்ணே? வேலை போயிருமா?” என்று அதையேதான் கேட்டாள். கை போய்விடுமா என்று கேட்கவில்லை.

தையல் போட்டு, மேல் வைத்தியத்துக்கு மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவளுடைய அக்கா வந்த பிறகு நான் ஆலைக்குத் திரும்பினேன். வாசலில் நுழையும்போதே எலிவேட்டர் ஓடுகிற சத்தம். புது பெல்ட், புது வாளிகள். கிழிந்த தகரத்தை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தான். குழிப் பக்கம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டிருந்தார்கள். சின்ன முதலாளி எல்லோர் முன்னாலும் மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டு, “இவரு மட்டும் இல்லைன்னா இன்னிக்கு என்ன ஆகியிருக்கும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். “தம்பி, அந்த பெல்ட்டை மாத்த ஒரு நாள் கேட்டேனே. நெனப்பு இருக்கா?”

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. “அண்ணே, இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது? அந்த அம்மாவுக்கு ஆகிற செலவை நான் பாத்துக்கிறேன். எவ்வளவு சீக்கிரமா ஓட விட்டாரு, அதைப் பாருங்க.”

பார்த்தேன். உருளை இன்னும் சாய்ந்தேதான் இருந்தது. புது பெல்ட் மெதுவாக உரசத் தொடங்கியிருந்தது. என் சட்டையில் அவள் ரத்தம் காய்ந்திருந்தது. சொன்னால் கேட்கிற முகம் அங்கே ஒன்றும் இல்லை.

வேலையை விட்டுவிடலாம் என்று இருந்தேன். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். விடவில்லை. இப்போதும் எடைமேடையில்தான் இருக்கிறேன்.

கை அறுபட்டவளுக்கும் வேலை போகவில்லை. இரண்டு விரல் மடங்காது என்பதால், காலிச் சாக்குகளை அடுக்குகிற இடத்தில் போட்டார்கள். ஒருநாள் தண்ணீர் குடிக்க என் பக்கம் வந்தவள், தானாகவே மச்சினனைப் பற்றிப் பேசினாள்.

“ஒங்க மச்சினரு தங்கமான மனுசண்ணே. மதுரை ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கிட்டு வந்து பாத்தாரு. அன்னைக்கி அவரு இல்லாட்டி மில்லே நின்னு போயிருக்குமாமே? எங்க எல்லாருக்கும் சோறு போட்டவரு.”

அவன் போய்ப் பார்த்தது உண்மைதான். இரண்டாம் தடவையும் போனான். நான் தலையை ஆட்டினேன். அவளிடம் என்ன சொல்ல முடியும்? உன் கையைக் காப்பாற்றியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று சொன்னால், அவளுக்கு அந்த நன்றியும் போய்விடும். அதற்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

மச்சினனை இப்போது பக்கத்து ஆலைகளும் கூப்பிடுகிறார்கள். எது நின்றாலும் அவனுக்குத்தான் போன் வரும். கார் வாங்கினான். அமராவதிபுதூர் ரோட்டில் இடம் வாங்கி வீடு கட்டினான். வீடு முடிகிற சமயம் என் வீட்டுக்கு வந்தான். மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கே பேச்சு வேறு பக்கம் போய்விடுமோ என்று கதவோரம் நின்றாள்.

“அத்தான், போர் மோட்டாரு வாங்கிட்டேன். அதை நீங்கதான் வந்து மாட்டணும்.”

“ஏன், நீ மாட்ட மாட்டியா? டீ குடிக்கிற நேரம்தான ஆகும் ஒனக்கு?”

அவன் காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “இது என் வீடு அத்தான். அடிக்கடி நின்னா யாரு பாக்குறது? நீங்க மாட்டுனா நிக்காது.”

மனைவி என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. முடியாது என்று சொல்லிவிட எனக்கு ஆசையாக இருந்தது. அவளுக்காகப் போனேன். குழாய்க்கு அடியில் தளம் சமமாக இல்லை, அதை உடைத்துப் புதிதாகப் போடச் சொன்னேன். ஒயர் இணைப்புகளையெல்லாம் பிரித்துத் திரும்பச் சுற்றினேன். மறுநாளும் போக வேண்டியதாயிற்று.

நான் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே மச்சினன் பெண்டாட்டி அவனிடம் கேட்டது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. “ஒரு மோட்டாரு மாட்ட இம்புட்டு நேரமாங்க? நீங்களா இருந்தா நேத்தே தண்ணி வந்திருக்கும்ல?”

அவன் என்ன பதில் சொல்கிறான் என்று கேட்கக் கையை நிறுத்திக் காத்திருந்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.