மாமாவின் வலது காது

எங்கள் வீட்டில் கூகைக்கட்டு முதலில் எனக்குத்தான் வந்தது. அப்போது ஏழு வயது. கன்னம் இரண்டும் வீங்கி, மஞ்சள் பூசி, தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, உம்மாவின் தம்பியான மாமாவின் மடியிலேயே கிடந்தேன். மூன்று கிழமையில் மாமாவுக்கும் வந்தது. சாய்ந்தமருதில் அவருக்குப் பெண் பேசி நாளும் குறித்திருந்த நேரம். நான் நாலு நாளில் எழுந்து ஓடினேன். மாமாவுக்கோ கன்னம் வற்றிய பிறகு காய்ச்சல் மறுபடி அடித்தது. கலியாணத்தை ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள்.

அவர் தறிக்குத் திரும்பிய பிறகு ஒன்றைக் கவனித்தேன். வலது காதில் இரகசியம் சொன்னால் பதில் வராது. "இஞ்சால வந்து சொல்லு மகள்" என்று இடது காதைக் காட்டுவார். விளையாட்டென்று நினைத்தேன். வேறு யாருக்கும் தெரியவில்லை. எங்கள் மருதமுனையில் தறி உள்ள வீடுகளில் அந்தச் சத்தத்துக்கு மேலே எல்லோருமே உரத்துத்தான் கதைப்பார்கள்.

கலியாணத்தன்று பெண் வீட்டுப் பந்தலில் மாமாவின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு இருந்தேன். பெண்ணின் வாப்பா எதிரே இருந்து, மாமாவின் கையைப் பிடித்து மகளை ஒப்புக்கொடுத்தார். அழுகையில் அவர் குரலே வெளிவரவில்லை. நிக்காஹ் நடத்த வந்து வலப்பக்கம் இருந்த லெப்பை, ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும்படி மாமாவின் காதோடு மெதுவாகச் சொன்னார். மாமா தலை குனிந்தபடி இருந்தார். இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார். மாமா வாய் திறக்கவில்லை.

பெண்ணின் வாப்பா பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். உள்ளே பெண்களின் பேச்சும் நின்றுபோனது. "மனமில்லாட்டி என்னத்துக்கு ஊர்வலம் வந்த?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. என் வாப்பாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அதைப் பார்த்த பயத்தில்தான் பேசிவிட்டேன்.

"மத்தக் காதுல சொல்லுங்க. அந்தக் காது மாமாக்குக் கேக்காது."

சபையில் நான் பேசிய முதலும் கடைசியுமான பேச்சு அது.

"செவிடனையா எங்கட ராத்தாக்குக் கொண்டு வந்தீங்க?" என்று பெண்ணின் தம்பி எழும்பினார். பெண்ணின் வாப்பா அவரை இருத்திவிட்டு, மாமாவிடம் உரத்துக் கேட்டார்.

"எப்ப இருந்து மகன்?"

"கூகைக்கட்டு வந்ததுல இருந்து. சொல்லப் பயமா இருந்திச்சி."

"வேற நோய் வருத்தமொண்டும் இல்லையே?"

"ஒண்டுமில்ல."

அவர் மாமாவின் கையை மறுபடி பிடித்தார். பிறகு, "எங்கட புள்ளைட வாய்க்கு ஒரு காதே போதும்" என்றார். பந்தல் முழுவதும் சிரித்தது. லெப்பை எழுந்து இடப்பக்கம் வந்தார்.

மாமிக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. ஓதிய தண்ணீர் குடித்தார், கையில் தாயத்துக் கட்டினார், நேர்ச்சை வைத்தார். ஊரில் அவரை மலடி என்றார்கள். மாமாவை இன்னொரு பெண் முடிக்கச் சொன்னார்கள். அவர் கேட்காத காதைக் காட்டிவிடுவார். மாமி அந்தப் பெயரோடுதான் மௌத்தாகி மண்ணுக்குப் போனார்.

போன வருடம் என் மகனுக்கு, பதினாறு வயதில், கூகைக்கட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கன்னத்தைப் பார்த்துவிட்டு, கீழே வீக்கம் உண்டா என்று கேட்டார். எனக்குக் கூச்சத்தில் தலை நிமிரவில்லை. வளர்ந்த ஆண்களுக்கு அது அங்கேயும் இறங்கும், சிலருக்குக் காதும் போகும், அங்கே இரண்டு பக்கமும் வீங்கினால் அபூர்வமாகப் பிள்ளை இல்லாமலும் போகலாம் என்றார். மகனுக்கு அப்படி ஒன்றுமில்லை.

ஆனால் மாமாவின் அந்த இரண்டாவது காய்ச்சல் ஞாபகம் வந்தது. சாரனை முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி அவர் கிணற்றடிக்கு நடந்ததும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் அதுபோலவே நடந்து காட்டி வீட்டையே சிரிக்க வைத்தேன். மாமாவும் சிரித்தார்.

பந்தலில் காதைப் பற்றிச் சொன்ன நான் அந்த நடையைப் பற்றிச் சொல்லவில்லை. யாராவது கேட்டிருந்தால், அங்கேயும் நடந்து காட்டித்தான் இருப்பேன்.