இருபது நிமிடம் முந்திய கைக்கடிகாரம்

என் அக்காவின் கணவர் எந்த இடத்துக்கும் சொன்ன நேரத்துக்குப் போனதில்லை. பதிவு அலுவலகத்தில் அக்காவைக் கட்டிக்கொள்ளக் கையெழுத்துப் போடவே முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். வழியில் ஒரு கடையில் கேமரா படம் காட்டவில்லையாம், இறங்கிப் பார்த்துவிட்டு வந்தாராம். சட்டையில் ஒட்டடையோடு நின்றவரைப் பார்த்து அதிகாரியே சிரித்துவிட்டார்.

அதனால் அக்கா ஒரு வேலை செய்தாள். அவருடைய கைக்கடிகாரத்தை இருபது நிமிடம் முன்னால் தள்ளி வைத்தாள். முதல் மாதம் ஏமாந்தார். கண்டுபிடித்த பிறகும் அதை மாற்றவில்லை. "இருக்கட்டும், உங்க அக்கா வச்ச நேரம்" என்பார். யாராவது மணி கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார், மனதுக்குள் இருபதைக் கழிப்பார், சரியான நேரத்தைச் சொல்வார். பதினோரு வருடமாக இப்படித்தான். ஒரே ஒரு நாள் கழிக்க மறந்தார். அது என் தலையில் விடிந்தது.

அத்தானைப் பற்றி நல்லதாகவும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே உறுத்தும். கடைகள், கிடங்குகள், பள்ளிக்கூடங்கள் என்று இந்த ஊரில் பாதிக் கேமராக்கள் அவர் கையால் மாட்டியவை. மாட்டுவதைவிடப் பழுது பார்ப்பதில்தான் அவர் கெட்டிக்காரர். படங்களைச் சேர்த்து வைக்கும் ரெக்கார்டர் பெட்டியைத் திறக்கும் முன்பே காதை அதன் மேல் வைத்துக் கேட்பார். உள்ளே ஹார்டு டிஸ்க் டக் டக் என்றால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். பெரும்பாலும் அதுகூட இருக்காது. "சார், ரெக்கார்டர் செத்துப்போச்சு" என்று அலறியடித்துக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் தரை துடைக்கிறவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறந்திருப்பார். அத்தான் அதைச் சொல்லிக் காட்டமாட்டார். பெட்டியை இரண்டு முறை தட்டி, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்று, பிறகு சத்தமில்லாமல் பிளக்கைச் சொருகுவார். துடைக்கிறவருக்குத் திட்டு விழக்கூடாது என்பதற்காக.

அந்த மனிதரைத்தான் நான் நம்பினேன்.

எனக்கு மருந்து மொத்த விற்பனைக் கடையில் வேலை. வாங்கிக் கொடுத்ததே அத்தான்தான். "நம்ம வீட்டுப் பொண்ணு சார், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கலாம்" என்று முதலாளியிடம் சொன்னார். ஆறு வருடம் நானும் அந்த வார்த்தைக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொண்டேன். கடைக்குப் பின்னால் குளிர் அறை ஒன்று உண்டு. விலை உயர்ந்த ஊசி மருந்துகள் அங்கேதான். உள்ளே போகிறவர் வெள்ளைக் கோட்டும் தலைக்குத் தொப்பியும் போட்டுக்கொள்ள வேண்டும். சாவி வாங்கும் நேரத்தையும் திருப்பித் தரும் நேரத்தையும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சாவி நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கடையின் பழைய ரெக்கார்டர் படுத்துவிட்டதால் அத்தான் புதிதாக ஒன்றை வைத்தார். அன்று கடையில் இன்டர்நெட் இல்லை. இருந்திருந்தால் பெட்டி தானாகவே சரியான நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கும். அத்தான் ஏணியில் நின்றபடி கையால் நேரம் வைத்தார். அவருடைய போன் கீழே முதலாளி கையில். முதலாளி வீட்டிலிருந்தே கடையைப் பார்க்கும்படி அமைப்பதற்காக, அதன் திரையில் இருந்த கட்டம் போட்ட QR குறியீட்டைத் தன் போனில் ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். எனவே அத்தான் தன் மணிக்கட்டைப் பார்த்தார். இன்டர்நெட் வந்த பிறகு தானாக நேரம் எடுக்கும் வசதியைப் போட்டுவிடலாம் என்று நினைத்தார், மறந்துபோனார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை.

ஒன்பதாவது நாள் குளிர் அறையிலிருந்து ஒரு பெட்டி ஊசி மருந்து காணாமல் போனது. மறுநாள் காலையில் அத்தானை வரச் சொல்லி, பதிவிலிருந்து பத்து நிமிடத் துண்டு ஒன்றை எடுத்தார்கள். பிறகு என்னை முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். எல்லா ஊழியர்களும் அங்கே நின்றார்கள். கடையிலேயே வேலை பார்க்கும் முதலாளியின் மைத்துனரும் நின்றார், கையைக் கட்டிக்கொண்டு.

திரையில் ஒரு முதுகு. வெள்ளைக் கோட்டு, தொப்பி, கக்கத்தில் அட்டைப்பெட்டி. மூலையில் நேரம்: இரண்டு இருபத்தைந்து. மேசையில் சாவி நோட்டு. இரண்டு பத்திலிருந்து இரண்டு நாற்பது வரை சாவி என்னிடம் இருந்ததாக என் கையெழுத்து.

"இதுக்கு என்ன சொல்றே?" என்றார் முதலாளி.

"அது நான் இல்ல சார். நான் வெறுங்கையோடதான் வெளிய வந்தேன். முழுசா ஓட்டிப் பாருங்க, நான் வர்றதும் தெரியும்."

"நேரம் தப்பா இருக்குமோ?" என்று கணக்கெழுதுகிற அம்மா மெதுவாகக் கேட்டார். அவர் ஒருவர்தான் எனக்காக வாயைத் திறந்தார்.

முதலாளி தன் போனை எடுத்து, நேரடிப் படம் ஓடும் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். போனில் பதினொன்று முப்பத்தாறு. திரையிலும் பதினொன்று முப்பத்தாறு. நொடிகூடப் பிசகவில்லை. அவர் அத்தானைப் பார்த்தார்.

"கடிகாரம் சரியாத்தான் இருக்கு சார்" என்றார் அத்தான்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். போலீசுக்குப் போகமாட்டேன், அத்தான் முகத்துக்காக விடுகிறேன் என்று முதலாளி சொன்னார். அதற்கு அத்தான் நன்றி வேறு சொன்னார். நான் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்தேன். ஆறு வருடம் என்னை அக்கா என்று கூப்பிட்ட பெண்கள் ஒருத்திகூட வாசல்வரை வரவில்லை.

வேலை போனதைக்கூட ஜீரணித்திருப்பேன். ஆனால் மருந்து வியாபாரம் சின்ன உலகம், எந்தக் கடைக்குப் போனாலும் எனக்கு முன்னால் என் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு இடத்தில் நாளைக்கு வா என்றார்கள். மூன்றாவது இடத்தில் உள்ளேயே விடவில்லை.

வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அக்கா வீட்டுக்குப் போய் உட்காருவேன். அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டவள் அக்கா. சம்பளமில்லாமல் அத்தானுக்கு அலுவலகமும் அவள்தான். எல்லா வாடிக்கையாளர்களின் ரெக்கார்டர்களும் வீட்டிலிருக்கும் டேப்லெட்டில் வரிசையாகத் தெரியும். இணைப்பில் இருப்பது பச்சை, இல்லாதது சாம்பல். அத்தான் தனக்கு ஒரு பெயரும், டேப்லெட்டுக்கு 'வீடு' என்று இன்னொரு பெயரும் வைத்து, இரண்டுக்கும் முழு அதிகாரம் கொடுத்திருந்தார். வீட்டில் அவருக்கு ஒளிவுமறைவு கிடையாது, அப்படித்தான் பெருமை பேசுவார்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அத்தானின் வாடிக்கையாளரான அச்சகக்காரர் ஒருவர் போன் செய்தார். தினமும் காலையில் அவருடைய போனில் படம் அறுந்துபோகிறதாம். அத்தான் வெளியே. அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "சின்னவளே, அந்தப் பெட்டியோட லாக்கை, அதான் அதோட குறிப்பேட்டைப் பாரு. என்ன நடந்தாலும் அதுல ஒரு வரி விழும்" என்றாள். பார்த்தேன். தினமும் ஒன்பது பத்துக்கு மின்சாரம் நின்று நாலு நிமிடம் கழித்து வந்திருந்தது.

"ஒன்பது பத்துக்கு என்ன சார் செய்வீங்க?"

"டீக்கு கெட்டில் போடுவேன்."

"எந்த பிளக்ல?"

அந்தப் பக்கம் எதையோ நகர்த்திப் பார்க்கும் சத்தம் கேட்டது. "சரிம்மா, வச்சுடறேன்" என்றார். வெகு நாளைக்குப் பிறகு அன்று சிரித்தேன். சிரித்த கையோடு, பட்டியலில் கொஞ்சம் கீழே இருந்த மருந்துக் கடையின் பெயரையும் தொட்டேன். எதையும் தேடவில்லை. சொந்த வீட்டை ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிற ஆசைதான்.

படங்கள் பதினைந்து நாளுக்கு மேல் நிற்காது, பழையதன் மேல் புதியது ஏறிவிடும். நான் கெஞ்சிய அந்த முழுப் பதிவு எப்போதோ போயிருந்தது. லாக் மட்டும் இருந்தது. என்னை வெளியே அனுப்பிய அந்தத் தேதிக்கு வந்தேன். ஒரு வரி: நேரம் மாற்றப்பட்டது. பழைய நேரம் 11:42:10. புதிய நேரம் 11:22:10. கீழே அத்தானின் பெயர்.

இருபது நிமிடம். உலகத்தில் யாருக்கும் அந்த எண்ணில் ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. முதலாளி போனைத் திரைக்குப் பக்கத்தில் பிடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் அத்தான் கடிகாரத்தைத் திருத்தியிருக்கிறார். முந்தின நாள் பதிவில் விழுந்த நேரத்தை அப்படியே விட்டிருக்கிறார். பெட்டியோடு போன முதுகு உண்மையில் இரண்டு ஐந்துக்குப் போயிருக்கிறது. அப்போது சாவி யாரிடம் என்று நோட்டைப் பார்க்காமலே எனக்குச் சொல்லத் தெரியும். எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர் மைத்துனர். இரண்டு பத்துக்குச் சாவியை என் கையில் கொடுத்ததே அவர்தான்.

அத்தான் திருத்தியபோது நான் மாட்டுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. தன் தப்பு வெளியே தெரியக்கூடாது என்று செய்திருப்பார். அதை இப்போதும் நம்புகிறேன். ஆனால் நான் அந்த அறையில் எல்லார் முன்னாலும் நின்றபோது தெரியும். ஒயரைச் சுருட்டியபோது தெரியும்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தாள். இது நிஜமா என்று கேட்பாள், அவரைத் திட்டுவாள், என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"யார்கிட்டயாவது காட்டினியா?" என்றாள்.

போட்டோ எடுக்க என் போனைத் தூக்கினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதடி. உன் அத்தான் மேல உனக்கு அவ்வளவுதான் நம்பிக்கையா? அவர் வரட்டும். அவரையே சொல்ல வைக்கிறேன்."

"சொல்வாரா?"

"நான் இருக்கேன்ல?"

தலை பின்னிவிட்ட கை அது. போனைக் கீழே வைத்தேன். இன்றுவரை என்னை நான் திட்டிக்கொள்வது அதற்குத்தான்.

சாயங்காலம் அத்தான் வந்தார். மறுக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்குத்தான் முதலாளி மத்த நாலு கிளைக்கும் நீயே போடுன்னு சொல்லியிருந்தாரு. நேரமே வைக்கத் தெரியாதவன்னு நினைச்சிடுவாரோன்னு பயந்துட்டேன். உன்னைக் கூப்பிடுவாங்கன்னு தெரியாதும்மா."

"கூப்பிட்ட பிறகு?"

கைக்கடிகாரத்தைக் கழற்றித் திரும்ப மாட்டியபடி, "வெள்ளிக்கிழமை காலையில வா. முதலாளி வந்ததும் நானே சொல்லிடறேன். லாக்கையும் காட்டறேன்" என்றார். அக்கா எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடைக்கு எதிரே நின்றேன். நல்ல புடவை கட்டியிருந்தேன், திரும்ப வேலைக்கு வரச் சொன்னால் அப்படியே உள்ளே போகலாம் என்று. முதலாளி சரியாகப் பத்து மணிக்கு வருவார். அத்தான் அதற்கு முன்பே வந்துவிட்டார். அவர் ஓர் இடத்துக்கு முன்னதாக வந்து நான் பார்த்தது அன்றுதான். முகம் சவரம் செய்து, தீர்மானத்தோடு இருந்தார். சொல்லத்தான் வந்திருந்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வண்டியை நிறுத்திவிட்டுப் போனில் லாக்கைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு வரிதான் இருந்தது. லாக் அழிக்கப்பட்டது. இன்று காலை 6:14. பயனர்: வீடு.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவருக்கும் தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. காலை ஆறேகாலுக்கு அவர் தூங்கிக்கொண்டிருப்பார். எழுந்து அடுப்பைப் பற்றவைப்பவள் அக்கா. என்னிடம் 'நான் இருக்கேன்ல' என்றவள்.

"சில பெட்டி தானாவே அழிச்சிடும்மா" என்றார் அத்தான்.

தரை துடைப்பவரைத் திட்டு வாங்காமல் காப்பாற்றுவாரே, அதே குரல். பெண்டாட்டியைக் காப்பாற்றுகிறார். எனக்கு ஆத்திரம்கூட வரவில்லை. வறண்டுபோய் நின்றேன்.

"லாக் வேணாம் அத்தான். 'நான் இருபது நிமிஷம் தப்பா வச்சேன், அப்புறம் திருத்தினேன்'னு உங்க வாயால சொன்னாப் போதும். நோட்டைப் பார்த்தா மத்தது அவங்களுக்கே புரியும்."

அவர் கடையைப் பார்த்தார். என் புடவையைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைத் திருப்பினார்.

"பத்து ஆயிடுச்சும்மா. இவர் இன்னும் வரலையே. நாலாவது கிளையில ஆளுங்க காத்துக்கிட்டிருப்பாங்க. இன்னொரு நாள் பார்க்கலாம்."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். கடையின் கண்ணாடிக் கதவு வழியே சுவர்க் கடிகாரம் தெரிந்தது. ஒன்பது நாற்பது. பதினோரு வருடமாக இருபதைக் கழித்தே மணி சொன்னவர் அவர். அன்று கழிக்க அவர் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.