இங்கன வராத குருவி

காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்க்கொண்டிருந்தோம். எதிரே இருந்த பெண் மலைப்பக்கம் பதிவு செய்த ஒரு பறவையின் குரலைச் செல்போனில் தோழிக்குப் போட்டுக் காட்டினாள். வேலைவெட்டி இல்லாத ஒருவன் பாட்டை மறந்துவிட்டு விசிலடிப்பது போன்ற குரல். படகே சிரித்தது. எனக்கோ காதுமடல் சூடேறியது. ஏனென்று சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள், பரவாயில்லை.

அது சீகாரப் பூங்குருவி. மேற்கு மலையில், தேயிலைத் தோட்ட ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தபோது என் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓடையோரம் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் விடியுமுன்பே தொடங்கிவிடும். எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. அது அடிக்க, நான் பதிலுக்கு அடிக்க, மெட்டு உதட்டில் ஒட்டிக்கொண்டது. எப்போது கிளம்பும் என்று எனக்கே தெரியாது. பெயர்தான் பூங்குருவி; இப்போது அதை ஈப்பிடிப்பான் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்களாம். அதற்கு ஒரு குடும்பம் அமைந்துவிட்டது. எனக்கு அமைய இருந்ததைத்தான் கெடுத்தது.

திருவாடானைக்கு அய்யாவோடு பெண் பார்க்கப் போயிருந்தேன்; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். கேசரி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைக்குப் போனேன். நெய்ப்பிசுக்கு லேசில் போகவில்லை, தேய்த்துக்கொண்டே நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் குழாயடியில் பெண்கள் நின்றதை நான் பார்க்கவில்லை, சத்தியமாக.

"பொம்பளைக நிக்கிற எடத்துல யார்லே அங்கன விசிலடிக்கிறது?"

பெண்ணின் தாய்மாமன். என்னைக் கண்டதும் அவர் முகம் இன்னும் கறுத்தது. கூடத்துக்குக் கூட்டிவந்து எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"அது... குருவி விசிலுங்க. மலையில பழகிருச்சு."

"விசிலடிக்கிற குருவியா? எப்படி இருக்கும்?"

"மைனாவ விடக் கொஞ்சம் பெருசு. கருநீலம். வெயில் பட்டா நெத்தியும் தோளும் பளபளன்னு நீலமா மின்னும்."

"கரிச்சானச் சொல்றீகளா?"

"இல்லங்க, கரிச்சானுக்கு வால் பிளந்திருக்கும். இதுக்கு இருக்காது."

"சரி, இங்கன எங்க இருக்கு? காட்டுங்க."

"இங்கன வராதுங்க. மலையில, ஓடைப்பக்கந்தான்."

"இங்கன வராத குருவிக்கு இங்கன என்னய்யா விசிலு?"

கூடம் குலுங்கியது. கதவோரம் நின்ற பெண்ணும் சிரித்தாள். என் கையில் பட்டன் போன். காட்டப் படமும் இல்லை. அவர் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அய்யா எழுந்து, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன்னைவிட இளையவரான அந்த மனிதரைக் கும்பிட்டார்.

"வெவரமில்லாத பய. மனசுல வச்சுக்கிறாதீக."

ஊரில் நாலு பேருக்குத் தீர்ப்புச் சொல்கிற மனிதர் அய்யா. என்னால் நிமிர முடியவில்லை. சம்பந்தம் அங்கேயே முறிந்தது.

பஸ் நயினார்கோவிலை நெருங்கும்போது அய்யா வெளியே பார்த்தபடி கேட்டார்.

"ஏலே, அப்படி ஒரு குருவி நெசமாவே இருக்கா?"

"இருக்குய்யா."

"அப்பச் சரி."

அதற்குப் பிறகு எனக்கு விசில் வரவேயில்லை. உதட்டைக் குவித்தால் வெறும் காற்றுதான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் மலைக்கு வரச்சொல்லி அய்யாவைக் கூப்பிட்டேன். ஒரு தடவை கேட்டால் போதும், அவருக்குப் புரிந்துவிடும் என்று நினைப்பு. "அந்தக் குளிருல நான் வந்து என்னலே பண்ண" என்று ஒவ்வொரு முறையும் தட்டிக்கழித்தார். இப்போது அய்யா இல்லை. அந்த ஓடையோரம் ரிசார்ட் வந்துவிட்டது.

குளிருக்குப் பயந்துதான் வரவில்லை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அத்தனை தூரம் வந்தும் குருவி எதுவும் கூவாமல் போய்விட்டால், அப்புறம் என் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் பயந்திருக்கிறார்.