பவளராணி போர்த்திய பொன்னாடை

பவளராணி எந்த வாசலுக்கும் வெறுங்கையோடு போகிற ஆளில்லை. புலம்பெயர்ந்து வந்து டோர்செட் பார்க்கில் தையல் கடை வைத்திருந்த அவருக்கு, 1996இல் வாடிக்கைக்காரி ஒருத்தி தங்கள் பகுதிச் சிம்பொனிக் குழுவின் கச்சேரிக்கு இரண்டு ரிக்கற் கொடுத்தாள். குழுவை நடத்தப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், அவருக்கு இது முதல் மேடை என்று கேட்டதும், பவளராணி ஒரு பொன்னாடையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

கச்சேரி நாளில் வாசிப்பு மெல்ல அடங்கி நின்றது. மண்டபத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. பவளராணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“முதல் நாள் வந்த பெடியனை இப்பிடியோ வரவேற்கிறது?” என்று கணவர் இராஜரட்ணத்திடம் சொன்னவர், விறுவிறென்று மேடையேறி அந்த இளைஞனின் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். அவன் திகைத்து, பிறகு சிரித்துத் தலை வணங்கினான். அதன் பிறகுதான் மண்டபம் கைதட்டி அதிர்ந்தது.

திரும்பி வந்து இருந்தவரிடம் இராஜரட்ணம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “பாட்டு இன்னும் முடியேல்லையப்பா. முழுக்க முடியுமட்டும் கைதட்டக் கூடாதாம். இன்னும் மூண்டு பகுதி கிடக்காம்.”

மேடையில் பொன்னாடையோடேயே அவன் கைகளை உயர்த்தினான்.

“கிடக்கட்டுமே,” என்றார் பவளராணி. “இனி வடிவாச் செய்வான்.”