இடமாகச் சுற்றும் கணக்கு

யோங் பெங் என்ற சிற்றூரிலிருந்து பாலிடெக்னிக் படிக்கப் போன எனக்குப் பௌதிகத்தில் ஒரே ஒரு கணக்குதான் எமன்: வட்டத்தில் சுற்றும் பொருளின் இடப்பெயர்ச்சித் திசையன். வழிமுறையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். போய்ச் சேர்ந்த இடத்தின் திசையனிலிருந்து புறப்பட்ட இடத்தின் திசையனைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். நீளம் சரியாக வரும். திசைதான் காலை வாரிவிடும். முதல் தேர்வில் கோட்டைவிட்டேன். மறுதேர்விலும் விட்டால் ஒரு செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும், கூடப் படித்தவர்கள் மேலே போய்விடுவார்கள்.

விடுதி அறைத் தோழி பெக்கோக் ஊர்க்காரி, கத்தோலிக்கப் பெண். என் விடைத்தாள்களைக் கட்டிலில் பரப்பிப் பார்த்தாள். கிழக்கில் புறப்பட்டு, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகக் கால் வட்டம் என்பது கேள்வி. பொருள் வடக்கே போய் நிற்க வேண்டும். என்னுடையது தெற்கே நின்றது. எல்லாத் தாளிலும் அதே கதை.

"அலமாக், கேள்வி எந்தப் பக்கம் சொன்னாலும் நீ கோயில் சுத்துற மாதிரியே சுத்துற லா," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

உண்மைதான். நடை பழகிய நாள் முதல் பிள்ளையாரைக் கடிகார முள் போகும் பக்கமாகவே வலம் வந்தவள் நான். கால் பழகியதைக் கையும் பழகிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்குப் பிள்ளையார்மேல் கோபம் வந்தது.

தோழி வைத்தியம் சொன்னாள்: நாற்காலியை நடுவில் போட்டு அதை இடமாகச் சுற்றிப் பழக வேண்டுமாம். இரண்டு எட்டு வைத்ததுமே கால் கூசியது. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"இடமா சுத்துறது சாவுலதான். அதெல்லாம் பண்ணாத," என்றார்.

"பண்ணலன்னா பெயிலும்மா."

அம்மா காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சரி, கணக்கு கேக்குற பக்கமே சுத்து. பரீட்சை அன்னிக்கு லீவு போட்டுட்டு நான் கோயிலுக்குப் போறேன். உனக்கும் சேத்து வலமா சுத்திடுறேன்."

மறுதேர்வில் அதே மாதிரிக் கணக்கு வந்தது. பேனா பழக்கதோஷத்தில் வலமாகத் திரும்பித் தெற்கே இறங்கப் பார்த்தது. அந்தப் பக்கத்தை அம்மா பார்த்துக்கொள்வார் என்று எண்ணி, தைரியமாக வடக்கே ஏற்றினேன். பாஸ்.